மூன்று விரல் கேட்கும் காசு

அத்தியாயம் பதினொன்று

மாதன் காட்டு மிளகுக் கொடி இந்த வருஷம் அப்படிக் காய்த்துத் தொலைக்காமல் இருந்திருந்தால், மலைமேல் பல சிற்றூர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில் ஊர்க்கூட்டமே கூடியிருக்காது.

காய்த்துவிட்டது. சில்வர் ஓக் மரத்தையே மூடிக்கொண்டு, சரம் சரமாக. பறித்து ஒதுக்கப் பெண்ணாள் பத்துப் பேர் வேண்டுமென்று போன வாரம் மாதன் கூலிக்கு ஆள் தேடிப் போனார். ஒருத்தியும் அசையவில்லை.

"ரூவா வேண்டாமுங்க. ஆள்காசு போடுங்க, வாரோம்" என்றுவிட்டார்கள்.

ஆள்காசு என்றால் நம் கலைமணி போனில் உண்டாக்கிய காசு. அதில் ரூபாய் கிடையாது, பைசா கிடையாது. அடுத்தவர் காட்டில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு காசு. அந்தக் காசைக் கொடுத்தால் தன் காட்டுக்கு ஓர் ஆள். இன்றைக்கு உன் காட்டில் நான், நாளைக்கு என் காட்டில் நீ என்று ஊரில் காலங்காலமாக நடக்கிற மாத்தாள் வழக்கம்தான் அது.

ஒரே ஒரு வித்தியாசம். பழைய மாத்தாளில் ஆண் ஒருவன் ஒரு நாள் வந்து போனால், பதிலுக்குப் பெண்கள் இரண்டு பேர் போக வேண்டும். கலைமணியின் காசில் ஆள் என்றால் ஆள். ஆணுக்கும் ஒன்று, பெண்ணுக்கும் ஒன்று.

பத்துப் பெண்களுக்கும் ஆள்காசு போட்டால் என்னாகும்? பத்து நாள் மாதன் வீட்டு ஆண்கள் அந்தப் பெண்களின் காட்டில் போய்க் குச்சிக்கிழங்கு பிடுங்க வேண்டும்! மாதன் பறிப்பை அப்படியே போட்டுவிட்டு, பங்காளி அண்ணன் அர்த்தனாரியிடம் ஓடி வந்தார். அர்த்தனாரி ஊர்க்கவுண்டர். அதோடு, கலைமணிக்கு மாமனார்.

"ங்ணா, கூட்டம் போடுங்க. உங்கூட்டு மருமவ ஊரையே தலகீழாப் பொரட்டிப்போட்டா."

அந்தக் கூட்டம்தான் இன்றைக்குச் சாயங்காலம்.

* * *

காலையில் கலைமணிக்குப் பயமே இல்லை. பல் விளக்கும்போதுகூடப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

திருப்புலி நாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்து இரண்டு வருஷம். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் காட்டு வேலைக்கு வந்தவளை, "படிச்ச புள்ளைக்கு மம்புட்டி புடிக்கத் தெரியுமா?" என்று கேலி பேசிய ஊர் இது. இப்போது அதே ஊரில் மூன்று சிற்றூர்ப் பெண்கள் அவள் காசை வைத்துத்தான் தங்கள் காட்டை உழுகிறார்கள். தலை கொஞ்சம் நிமிராதா?

அதற்கும் மேலே, போன மாதம் அரசாங்கமே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொண்டை ஊசி வளைவு அத்தனையும் ஏறி, தலை சுற்றி, வாசலில் ஒரு தரம் வாந்தியும் எடுத்துவிட்டுத்தான் அந்த வரி அதிகாரி பேச ஆரம்பித்தார்.

"இந்தக் காச ரூபாயா மாத்தறீங்களாம்மா?"

"இல்லீங்க சார்."

"வெளியூர்க்காரங்களுக்கு விக்கறீங்களா?"

"இல்லீங்க. எங்களுக்குள்ள மட்டும்தானுங்க. வேலைக்கு வேலை."

அவர் எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சிரித்தார். "அப்ப எனக்கு இங்க வேலையில்ல. ஆனா ரூபாயத் தொட்ட அன்னிக்கு மறுபடியும் இந்த மலை ஏறி வருவேன், வரி கேட்டு. அது வரைக்கும் அது உங்க காசு."

அன்றிலிருந்து கலைமணி பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் ஒரே பல்லவிதான். "டெல்லிக்காரங்களே தொட முடியாதுங்க எங்க காச!"

அந்தப் பெருமையோடுதான் காலையில் அசோக்கின் அழைப்பை எடுத்தாள். அவள் புருஷன் போர்வெல் லாரியில் வேலை. ஆறு மாதம் வெளிமாநிலம், ஒரு மாதம் வீடு. பின்னால் எந்திரம் பாறையைக் குடைகிற சத்தத்தில் அவன் கத்தித்தான் பேசினான்.

"கலை, அப்பா நேத்து கூப்புட்டாரு. பேசாம மாத்தி உட்ரு."

"என்னத்த மாத்தறது?"

"பொம்பளையாளுக்கு அரைன்னு. உன்ற போன்ல ஒரு பட்டன்தானே?"

கலைமணி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள்.

ஒரு பட்டன்தான். யார் யாருக்கு எத்தனை ஆள் பாக்கி என்ற கணக்கு எல்லார் போனிலும் இருக்கிறது, அதை ஒருவரும் அழிக்க முடியாது. அது பத்திரம். ஆனால் ஓர் ஆளுக்கு எத்தனை காசு என்ற விதி? அதை மாற்றுகிற சாவி அவள் போனில் மட்டும்தான் இருந்தது. டெல்லி தொட முடியாது, ரிசர்வ் வங்கி தொட முடியாது. மாமனார் வாசலில் நின்று ஓர் அதட்டல் போட்டால்? அவள் விரல் தொட்டுவிடும். யார் அதட்டினால் நம் விரல் நடுங்குமோ, அவர்தானே நமக்கு அரசாங்கம்!

"நீங்க என்ன நெனக்கறீங்க?" என்றாள்.

"நான் என்னத்த நெனக்கறது? இங்க எண்ணூறு அடி போயும் பொகையாத்தான் வருது, தண்ணி வரல. நீ அப்பாகிட்ட சண்ட போட்டுக்காத, அவ்வளவுதான்."

"தண்ணி வரும். வெய்யிங்க போனை."

பாட்டு நின்றுவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து போனையே வெறித்துப் பார்த்தாள். இத்தனை நாள் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டது எவ்வளவு பெரிய ஓட்டை! காசு அரசாங்கத்துக்கு அடங்காதது என்றால், அதை உண்டாக்கினவளுக்கும் அடங்காததாக அல்லவா இருக்க வேண்டும்?

சாவியை உடைத்துவிட வேண்டியதுதான்.

* * *

மத்தியானத்துக்குள் உடைத்துவிட்டாள். ஒரு சாவி ஐந்து துண்டு. ஐந்தில் மூன்று பேர் தங்கள் தங்கள் போனில் விரல் வைத்தால்தான் விதி மாறும். அவளே நினைத்தாலும் தனியாக மாற்ற முடியாது. ஒரு துண்டை அவள் வைத்துக்கொண்டாள். அடுத்தது களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த ருக்குமணிக்கு. அதற்கடுத்தது விஜயாவுக்கு. இருவரும் ஆள்காசுக்கு வேலை செய்கிறவர்கள்.

நான்காவது மாமியார் சின்னாயிக்கு. சின்னாயி பின்கட்டில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முறம் நின்றது.

"நான் ஊர்க்கவுண்டர் பொண்டாட்டி கண்ணு. எங்கிட்ட குடுத்தா அவருகிட்ட குடுத்த மாதிரி ஆயிப்போகாதா?"

"அது உங்களுக்குத்தானுங்க தெரியும் அத்தை."

சின்னாயி மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். "இந்தூட்டுப் பொட்டிச் சாவிகூட இதுவரைக்கும் என்ற கைக்கு வந்ததில்ல. இதையாச்சும் குடு."

ஐந்தாவது துண்டைத் திருப்புலி நாட்டில் இருக்கும் தன் அம்மாவுக்குக் கொடுப்பதாகத்தான் கலைமணி நினைத்திருந்தாள். அதற்குள் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தது. பொன்னாயி. மாதனின் சம்சாரம்.

"எனக்கும் ஒண்ணு வேணும் கண்ணு."

கலைமணி எழுந்து நின்றாள். "சின்னத்தை, சின்ன மாமாதானே கூட்டமே போடச் சொன்னாரு?"

"ஆமா."

"அவரு விரல் வெய்யின்னா என்ன பண்ணுவீங்க?"

பொன்னாயி வேலிப்படலைச் சாத்தினாள். "எனக்கே தெரியல. ஆனா அவரு எங்கிட்ட வந்து கேக்கறதுக்காவது ஒண்ணு இருக்கோணுமில்ல? கல்யாணமாயி இத்தன வருஷத்துல எதையும் கேட்டதில்ல, சொல்லத்தான் செய்வாரு."

கலைமணி ஐந்தாவது துண்டைக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்து, பொன்னாயி வேலியைத் தாண்டிப் போன பிறகுதான் கலைமணிக்குக் கணக்கு உறைத்தது. ஊர்க்கவுண்டர் வீட்டில் இரண்டு சாவி. மாதன் வீட்டில் ஒன்று. இரண்டு ஆம்பிளைகள் அதட்டினால் மூன்று விரல்!

ஒரு வீட்டிலிருந்து பிடுங்கி நாலு வீட்டுக்குப் பிரித்ததாக நினைத்தாளே, அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்குள்ளேயே அல்லவா மூன்றையும் போட்டுவிட்டாள்!

* * *

மாரியாயி கோயிலுக்கு முன்னால் பாறைமேல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலா மரத்தடியில் பெண்கள் நின்றார்கள். பனி இறங்கத் தொடங்கிவிட்டது. அர்த்தனாரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார்.

மாதன் எழுந்தார். "பெரியவங்களே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒத்த மூங்கில் ஏணி. காத்துல ஆடும். உசுரக் கையில புடிச்சிட்டு மரத்து உச்சியில மொளகு பறிக்கறவனுக்கும் ஒரு காசு. கீழ நிக்கறவளுக்கும் அதே ஒரு காசுன்னா, இது எந்த ஊரு ஞாயம்?"

"கீழ நின்னு அந்த ஏணியப் புடிச்சிக்கறது ஆருங்க?" என்று பலா மரத்தடியிலிருந்து ருக்குமணியின் குரல் வந்தது. "நாங்க கைய உட்டா நீங்க மேலயா இருப்பீங்க?"

ஆண்கள் பக்கத்திலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"பேசற பேச்சப் பாருங்ணா!" என்று மாதன் துள்ளினார். "சரி, இவிங்க காச கவர்மெண்டு தொட முடியாதாம். டவரு ஆருது? கரண்டு ஆருது? ரெண்டையும் நிறுத்திப்போட்டா இவிங்க காசு எங்க போயி ஒளிஞ்சுக்குமாம்?"

கேள்வி நியாயமானதுதான். எல்லாரும் கலைமணியைப் பார்த்தார்கள்.

"ரோடும் கவர்மெண்டுதுதானுங்க சின்ன மாமா" என்றாள் அவள். "அதுல நடக்கறது உங்க காலுதானுங்களே? டவரு நின்னா நிக்கட்டும். நான் உங்க காட்டுல வேல செஞ்சது செஞ்சதுதான். டவரு வந்ததும் கணக்கு வந்துரும்."

முணுமுணுப்பு எழுந்தது. அர்த்தனாரி கையை உயர்த்தினார். ஆண்களில் பாதிக்கு மேல் மாதன் பக்கம் தலையாட்டுவது அவருக்குத் தெரிந்தது. ஊர்க்கவுண்டர் என்றால் ஊர் சொல்வதைத்தானே சொல்ல வேண்டும்?

"ஊரு கேக்குது அம்மிணி. பழைய மாத்தாள் மாதிரியே பொம்பளையாளுக்கு அரைன்னு மாத்திப்போடு."

"என்னால முடியாதுங்க மாமா."

பாறைமேல் இருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"முடியாதா, மாட்டியா?"

"முடியாதுங்க. சாவி இப்ப அஞ்சு பேருகிட்ட இருக்குது. மூணு பேரு விரல் வெச்சாத்தான் மாறும்."

"ஆரு அந்த அஞ்சு பேரு?"

கலைமணி சொன்னாள். சின்னாயி பெயரைச் சொன்னபோது அர்த்தனாரியின் புருவம் ஏறியது. பொன்னாயி பெயரைச் சொன்னபோது மாதன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அடச்சே! இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்? எங்கூட்டுல ஒண்ணு, உங்கூட்டுல ரெண்டு. மூணாச்சுங்ணா! வெய்யச் சொல்லுங்க விரல. பொழுதோட ஊட்டுக்குப் போலாம்."

மத்தியானம் அவள் பயந்த அதே கணக்கு.

எதையும் மூன்று முறை கேட்டுத்தான் முடிவு சொல்வது அந்த ஊர் வழக்கம். அர்த்தனாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மொதத் தடவ கேக்கறேன். சாவி வெச்சிருக்கறவங்க விரல் வெக்கலாம்."

மாதன் பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏ பொன்னாயி! வா இப்பிடி. வெய்யி."

பொன்னாயி கூட்டத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். மடியிலிருந்து போனை எடுத்தாள். பொன்னாயி போனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். இத்தனை ஜனத்துக்கு முன்னால் அவர் தன்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டு நிற்பதை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு போனை மறுபடியும் மடியில் செருகிக்கொண்டாள்.

"சார்ஜ் இல்லீங்க."

செருகின இடத்தில் சேலையைத் தாண்டிப் போன் வெளிச்சம் பளபளவென்று தெரிந்தது. பலா மரத்தடியே குலுங்கியது. பாறையிலும் சிரிப்பை அடக்க ஆள் இல்லை. மாதன் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டாந் தடவ" என்றார் அர்த்தனாரி. கழுத்தைத் திருப்பவில்லை. "சின்னாயி?"

"ஏனுங்க, ஊர்க்கவுண்டராக் கேக்கறீங்களா, ஊட்டுக்காரராக் கேக்கறீங்களா?"

"ரெண்டுந்தான்."

"ஊர்க்கவுண்டருக்கு ஒரே பதில், மாட்டேனுங்க. ஊட்டுக்காரரு ராத்திரிக்குக் களியா சோறான்னு இப்பவே சொல்லிப்போடுங்க, அடுப்பு பத்த வெக்கோணும்."

இந்தத் தடவை சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அர்த்தனாரியின் முகத்தில் மட்டும் ஒரு கோடுகூட அசையவில்லை.

"மூணாந் தடவ. அம்மிணி?"

மாமனார் நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டார். காலையில் இந்தப் பார்வை வந்திருந்தால் அவள் உடைந்திருப்பாள். இப்போது அவளோடு நாலு பேர் இருந்தார்கள்.

"ஆள்னா ஆள்தானுங்க மாமா."

அர்த்தனாரி எழுந்து துண்டை உதறினார். "மூணு தடவ கேட்டாச்சு. காசு இருந்தபடியே இருக்கட்டும். கூட்டம் கலையலாம்."

"ங்ணா! நீங்க ஊர்க்கவுண்டருங்!" என்றார் மாதன், அழாத குறையாக.

"ஆமாண்டா. எங்கூட்டுக்குள்ளயே ரெண்டு சாவி இருக்குது. ரெண்டும் எனக்கே தெறக்கல. இனி எந்தக் கொம்பன் வந்து தெறப்பான்?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். கோபமா, வேறென்னவா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கலைமணியும் சின்னாயியும் பத்தடி பின்னால் போனார்கள். வழியில் அடுத்த ஊர்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "கூட்டம் என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

அர்த்தனாரி மீசையை நீவிக்கொண்டார். "என்ன ஆகும்? என்ற மருமவ அடிச்ச காசு. ஆரு தொடறது?"

பின்னால் சின்னாயி மருமகளின் இடுப்பில் ஓர் இடி இடித்தாள். பனியிலும் கலைமணிக்கு முகமெல்லாம் சூடேறியது. இப்படியே இன்னும் பத்து மைல் நடக்கச் சொன்னாலும் நடந்திருப்பாள்.

* * *

வீடு வந்து கை கால் கழுவி உள்ளே நுழையும்போது போன் சிணுங்கியது.

விதியை மாற்றச் சொல்லி ஒரு கோரிக்கை.

அதற்குள்ளா? மாதன் பொன்னாயியை மிரட்டிவிட்டாரா? பதறிப்போய்த் திறந்தாள். ஒரே ஒரு வரி.

'பொம்பளையாளுக்கு ஒண்ணேகால்.'

கீழே இரண்டு விரல் ஏற்கெனவே விழுந்திருந்தது. ஒன்று, சார்ஜே இல்லாத பொன்னாயியின் போனிலிருந்து. இன்னொன்று...

கலைமணி அடுப்படியைப் பார்த்தாள். சின்னாயி ஒன்றும் தெரியாதவள் போலக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இது என்னங்க?"

"எது கண்ணு?"

"ஒண்ணேகால்."

"ஓ, அதா? வர்ற வழியில பொன்னாயி போட்டா. நானும் வெச்சேன்." களிக்கட்டை நிற்காமல் சுற்றியது. "ஆம்பளைங்க பறிச்சுப் போட்டுட்டுத் துண்ட ஒதறிட்டுப் போயிடறாங்க. மிதிக்கறது ஆரு? காயப் போட்டுக் காக்கா ஓட்டறது ஆரு? பொடைக்கறது ஆரு? ஒரு கால் ஆளு சேத்திக் கேட்டா தப்பா?"

"நான் கூட்டத்துல ஆள்னா ஆள்தான்னு சொல்லியிருக்கறேனுங்களே!"

"நீ சொன்ன கண்ணு. நான் சொல்லல."

ருக்குமணிக்கும் விஜயாவுக்கும் இதே கோரிக்கை இந்நேரம் போயிருக்கும். அவர்கள் போன் பார்ப்பதற்கு முன்னால் அவள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வைத்தால், ஊருக்கு முன்னால் சொன்ன வார்த்தை போச்சு. தடுக்கலாமென்றால், தனியாகத் தடுக்கிற சாவியை மத்தியானமே அவளே உடைத்துவிட்டாள்.

வாசலில் அர்த்தனாரி வெளிமாநிலத்தில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். "கவர்மெண்டாவது ஒண்ணாவது! எழுதி வெச்சுக்கடா அசோக்கு, நம்மூட்டுப் புள்ள போட்ட விதிய இனி ஒருத்தனாலயும் மாத்த முடியாது!"

சின்னாயி களிச்சட்டியை இறக்கி வைத்தாள். அடுப்பு வெளிச்சத்தில் மருமகளின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள்.

"அவரு பேசி முடிக்கறதுக்குள்ள சொல்லு கண்ணு. வெக்கறியா, இல்ல ருக்குமணியக் கூப்புடட்டுமா?"